நிக்கோலாய் யோர்கா: கட்சி கட்டிய வரலாற்றாசிரியர்

[திரையில்: தாடியோடு ஒரு முதியவரின் கறுப்பு வெள்ளைப் படம்]

1938 மார்ச். ருமேனியாவின் பெயர்பெற்ற வரலாற்றுப் பேராசிரியருக்கு ஒரு கடிதம் வருகிறது. உள்ளத்தில் நேர்மை இல்லாத ஆள் நீங்கள் என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவர் கோத்ரியானு, 'இரும்புக் காவல்' என்ற பாசிச இயக்கத்தின் தலைவர். கடிதத்தைப் பெற்றவர் நிக்கோலாய் யோர்கா. அதற்குப் பிறகு மூன்று வருடம் முடிவதற்குள் இரண்டு பேருமே கொலை செய்யப்பட்டார்கள்.

யோர்கா பிறந்தது 1871-இல், வடக்கே போட்டோஷான் ஊரில். பல்கலைக்கழகப் படிப்பை ஒரே வருடத்தில் முடித்தவர். ஜெர்மனியில் லைப்சிக் நகரில் முனைவர் பட்டம். 23 வயதில் புக்காரெஸ்டில் பேராசிரியர். ஒட்டோமன் பேரரசின் வரலாற்றை ஜெர்மன் மொழியில் ஐந்து தொகுதிகளாக எழுதினார். வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள், சின்னப் பிரசுரங்களையும் சேர்த்து. அத்தனையும் கவனமாக எழுதியதா என்று கேட்டால், இல்லை. அவசரக்காரர்.

சரி, இப்படிப்பட்டவர் அரசியலுக்கு எப்படி வந்தார்?

[திரையில்: புக்காரெஸ்ட் தேசிய நாடக அரங்கு]

1906 மார்ச். மேட்டுக்குடிப் பெண்கள் தேசிய நாடக அரங்கில் ஒரு நாடகம் போட ஏற்பாடு செய்தார்கள், பிரெஞ்சு மொழியில்! நம் தலைநகரில், நம் அரங்கில், நம் மொழிக்கு இடமில்லையா என்று யோர்கா கொதித்தார். மாணவர்கள் அவர் பேச்சைக் கேட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார்கள், படையினரோடு மோதல், பலருக்குக் காயம். அதே வருடம் 'ருமேனிய இனம்' என்ற பெயரில் பத்திரிகை தொடங்கினார். அடுத்த வருடம் நாடாளுமன்ற உறுப்பினர்.

மொழிப்பற்று, விவசாயிகள் மேல் அக்கறை. இதோடு நின்றிருந்தால் கதையே வேறு. ஆனால் 1910-இல் ஏ. சி. கூசாவோடு சேர்ந்து ஜனநாயக தேசியவாதக் கட்சியைத் தொடங்கினார். யூத வெறுப்பு அந்தக் கட்சியின் கொள்கையிலேயே இருந்தது. அன்று ருமேனியாவில் பெரும்பாலான யூதர்களுக்குக் குடியுரிமைகூடக் கிடையாது. அவர்கள்மேல்தான் இந்தப் பேராசிரியரின் பேனா பாய்ந்தது. அதைக் 'காலத்தின் கோளாறு' என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

முதல் உலகப் போருக்குப் பிறகு யோர்கா கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தார்; கூசா இன்னும் முறுக்கேறினார். இருவரும் பிரிந்தார்கள். 1923-இல் கூசா ஸ்வஸ்திகாவைச் சின்னமாகக் கொண்டு தனி அமைப்பு கண்டார். அதில் வளர்ந்த இளைஞர்தான் கோத்ரியானு. அவருடைய அப்பாவும் யோர்கா–கூசா கட்சியில் இருந்தவர்.

1931-இல் மன்னர் இரண்டாம் கரோல், ஒரு காலத்தில் யோர்காவிடம் பாடம் படித்தவர், தன் ஆசிரியரைப் பிரதமர் ஆக்கினார். உலகப் பொருளாதாரமே படுத்துக்கிடந்த நேரம். அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே திண்டாட்டம். 14 மாதத்துக்குள் ஆட்சி முடிந்தது. ஒரு விநோதம்: சிறுபான்மையினருக்கென்று தனிப் பொறுப்பை உருவாக்கி, அதை ஒரு ஜெர்மானிய இனத்தவரிடம் கொடுத்ததும் இதே யோர்காதான்.

அப்புறம் அந்தக் கடிதம். கோத்ரியானுவின் இயக்கத்தை யோர்கா பத்திரிகையில் தாக்கியதற்கு வந்த பதில் அது. அப்போது யோர்கா அமைச்சர். வழக்குப் போட்டார், கோத்ரியானுவுக்கு ஆறு மாதச் சிறை. பிறகு தேசத்துரோக வழக்கில் பத்து வருடம். அதே வருடம் நவம்பர் கடைசியில் அரசின் காவலர்களே அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். இயக்கத்தினர் அந்தப் பழியை யோர்கா கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

1940 செப்டம்பரில் அவர்களே ஆட்சியில் பங்காளிகள் ஆனார்கள். நவம்பர் 10-இல் பெரும் நிலநடுக்கம். வெலெனி தெ முன்தெ ஊரில் இருந்த யோர்காவின் வீடு சேதமடைந்தது. அவர் சினாயா மலையூரில் போய்த் தங்கினார். நவம்பர் 26 இரவு ஜிலாவா சிறையில் 64 கைதிகளை இரும்புக் காவலர்கள் சுட்டுத் தள்ளினார்கள். மறுநாள் ஒரு கும்பல் சினாயா வந்து, 69 வயதுக் கிழவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனது.

[திரையில்: ப்ளோயெஷ்ட் அருகே சாலை]

ஸ்த்ரெஜ்னிக் என்ற ஊர்ப்பக்கம் சாலையோரம் உடல் கிடந்தது, குண்டு துளைத்து. மனித குல வரலாற்றைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்த பெரிய நூல் பாதியில் நின்றுபோயிருந்தது.