முதல் சந்திப்புக்கு என்ன உடுப்பு?

வணக்கம் நேயர்களே.

ஒரு தையல்காரனைக் கூப்பிட்டு, பெண்ணை முதன்முதலாகத் தனியே சந்திக்கப் போகும் ஆண் என்ன உடுத்தலாம் என்று பேசச் சொன்னால், புதிதாக ஒரு சேர்ட் தையுங்கள் என்பதைத் தவிர வேறென்ன சொல்லப் போகிறான் என்று நினைத்திருப்பீர்கள். நான் அதைச் சொல்ல வரவில்லை. உங்கள் அலுமாரியில் இப்போது தொங்கும் சேர்ட்டுகளில் ஒன்றே போதும். அது எந்தச் சேர்ட் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பெற்றோரும் தரகரும் கூடிப் பெண் பார்க்கப் போகும் நாளைப் பற்றியும் நான் பேசவில்லை. அன்றைக்கு என்ன போடுவது என்று அம்மா முடிவெடுத்துவிடுவார், உங்களுக்கு அதில் வேலையில்லை. இரண்டு பேர் தாங்களாகவே பேசி நேரம் வைத்து, ஒரு பின்னேரம் ஐஸ்கிரீம் குடிக்கவோ கடற்கரையில் நடக்கவோ போகிறார்களே, அதைப் பற்றித்தான் பேச்சு.

திருகோணமலையில் முதலில் யோசிக்க வேண்டியது துணியை. மே மாதத்துக்குப் பிறகு கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் பகல் வெயில் 35 பாகையைத் தொடும். பின்னேரம் கடற்காற்று வந்தாலும் உடம்பில் பிசுபிசுப்புப் போகாது. போதாதற்கு அன்றைக்கு உங்களுக்கு நெஞ்சு படபடக்கும், அதனாலும் வியர்க்கும். உலர்ந்த 100 கிராம் பருத்தி காற்றிலிருந்து சுமார் 8 கிராம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். லினன் 12 கிராம் வரை இழுக்கும். பொலியெஸ்டர் அரைக் கிராம்கூட இழுக்காது. அதுதான் பொலியெஸ்டர் சேர்ட்டுக்குள் வியர்வை போக வழியில்லாமல் முதுகில் வழிந்து, துணியும் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. கடைகளில் ரீசி என்று விற்கும் துணியில் பெரும்பாலும் 65 வீதம் பொலியெஸ்டர், 35 வீதம் பருத்தி. கந்தோருக்கு அது நல்ல துணி, கசங்காது, சீக்கிரம் காயும். மின்விசிறிக்குக் கீழே இருப்பவருக்குப் போதும். உட்துறைமுக வீதியில் ஒருத்தியோடு நடக்கப் போகிறவருக்குப் போதாது.

லினன் கசங்குமே என்று வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்கள். கசங்கட்டும், அந்தத் துணியின் இயல்பே அதுதான், யாரும் குறையாக எடுக்க மாட்டார்கள். முழுக்கக் காயமுன் கொஞ்சம் ஈரத்தோடு அயர்ன் பண்ணிவிட்டால் போதும். என்னைக் கேட்டால் மருதமுனைக் கைத்தறித் துணியில் தைத்த அரைக்கைச் சேர்ட்டைச் சொல்வேன். கிழக்கு மாகாணத்துத் துணி, எங்கள் வெக்கைக்குச் சரியாக இருக்கும். ஆனால் சாரம் எடுக்கப் போகிறவர்களைத் தவிர அந்தத் துணியை ஏனோ எங்கள் இளைஞர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

அடுத்தது நிறம். வியர்வை ஆகக் கூடுதலாகத் தெரிவது சாம்பல் நிறத்தில். அதற்கு அடுத்தது இளநீலம். இந்த இரண்டு நிறத்திலும்தான் இளைஞர்கள் அதிகம் சேர்ட் வாங்குகிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்காத ஒன்று. வெள்ளையிலும் கடும் நீலத்திலும் ஈரம் அவ்வளவு தெரியாது. சின்னக் கட்டம் போட்ட துணியும் நன்றாக மறைக்கும். வெள்ளைச் சேர்ட்டுக்குள் வெள்ளைப் பெனியன் போட்டால் பெனியனின் விளிம்பு வெளியே கோடு கோடாகத் தெரியும். தோலின் நிறத்துக்கு நெருக்கமான பெனியன் போட்டுப் பாருங்கள், இருப்பதே தெரியாது.

சரி, புதுச் சேர்ட் ஏன் வேண்டாம்? புதுத் துணியில் பசையும் மெருகுக்காகப் போட்ட பூச்சும் இருக்கும். இரண்டு மூன்று தரம் தோய்த்த பிறகுதான் அது வியர்வையை ஒழுங்காக இழுக்கத் தொடங்கும். புது ஜீன்ஸ் இன்னும் மோசம். அவுரிச் சாயம் நூலின் உள்ளே முழுக்கப் போகாமல் மேற்பரப்பில்தான் படிந்திருக்கும், அதனால் உரசினால் கழரும், வியர்வை பட்டால் இன்னும் கழரும். அவளுடைய வெளிர் நிறக் கைப்பையில் உங்கள் தொடையின் நீலம் ஒட்டுவதை நினைத்துப் பாருங்கள். புதுச் சப்பாத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை, கால் கடித்தால் முகத்தில் தெரிந்துவிடும்.

இனி அளவு. இதில்தான் என் தொழில் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். சேர்ட்டின் தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். அது கையில் இறங்கிக் கிடந்தால் அண்ணனின் சேர்ட்டைக் கடன் வாங்கியவர் போல இருப்பீர்கள். தோளை மாற்றுவது பெரிய வேலை, கையைக் கழற்றித் திரும்பத் தைக்க வேண்டும். அப்படிப்பட்ட சேர்ட்டை விட்டுவிடுங்கள். பக்கம் பிடிப்பது, கை நீளம் குறைப்பது, கீழ் விளிம்பை வெட்டி மடிப்பது எல்லாம் சின்ன வேலைகள். வெளியே விடும் சேர்ட் காற்சட்டைச் சிப்பின் பாதி வரை வந்தால் போதும். அதற்குக் கீழே போனால் ஆள் குட்டையாகத் தெரிவார்.

கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுவிட வேண்டாம். ஒரு கதிரையில் இருந்து பாருங்கள். சந்திப்பில் பாதி நேரம் இருக்கத்தான் போகிறீர்கள். இருக்கும்போது வயிற்றுப் பக்கத்துப் பொத்தான்களுக்கு நடுவே வாய் பிளந்தால் அந்தச் சேர்ட் சரிவராது. கையை முன்னே நீட்டி மோட்டார் சைக்கிள் பிடிப்பது மாதிரியும் பாருங்கள். முதுகு இழுபடுகிறதா, பின்னால் மேலே ஏறி இடுப்புத் தெரிகிறதா? எங்கள் ஊரில் அநேகம் பேர் அதில்தான் வந்து இறங்குவார்கள்.

மோட்டார் சைக்கிள் என்றதும் இன்னொன்று. தலைமுடிக்கு ஜெல் பூசி நிமிர்த்தி வைத்து, அதற்குமேல் ஹெல்மெட்டைப் போட்டுக் கழற்றினால் வருகிற கோலத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். பொக்கெற்றில் ஒரு சீப்பு, ஒரு கைலேஞ்சி, வந்து இறங்கும் இடத்தில் முகம் கழுவ ஐந்து நிமிடம். வாசனைக்கும் அப்படித்தான். வியர்த்த உடம்பில் பொடி ஸ்பிரே அடித்தால் இரண்டு மணமும் சேர்ந்து மூன்றாவது ஒன்று வரும். வியர்வையைக் கட்டுப்படுத்தும் பூச்சுகளில் அலுமினிய உப்பு இருக்கும், அதை முதல் நாள் இரவு உலர்ந்த கமக்கட்டில் பூசிவிட்டால் நன்றாக வேலை செய்யும். சென்ற் கொஞ்சம் போதும்.

எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தும் உடுப்பு மாறும். கோணேசர் கோவிலுக்குப் போவதென்று பேசியிருந்தால், பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து ஏற்றம் ஏற வேண்டும். கோவிலில் காலணியைக் கழற்றத்தான் வேண்டும். நாடா கட்டும் சப்பாத்தோடு போனவர் குனிந்து அவிழ்த்துக்கொண்டிருக்க, அவள் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். மேசில் ஓட்டை இருந்தால் அதுவும் அப்போதுதான் வெளிவரும். ஆகையால் சுத்தமான தோல் செருப்பு, முழுக் காற்சட்டை அல்லது வேட்டி. அரைக் காற்சட்டை வேண்டாம். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, பச்சைப் புள்ளி போட்ட இராணுவ மாதிரி உடுப்பும் வேண்டாம், அதை நான் விளக்கத் தேவையில்லை. அங்கே திரியும் புள்ளி மான்கள் பயமில்லாமல் கிட்ட வந்து கையிலிருக்கும் தின்பண்டத்தை மோப்பம் பிடிக்கும். அவை உங்கள் சேர்ட்டில் மூக்கைத் துடைத்தாலும் சிரித்துக்கொண்டு நிற்கக்கூடிய சேர்ட்டாகப் போடுங்கள்.

டச்பே கடற்கரை என்றால் மணல். கழற்றிக் கையில் பிடிக்கக்கூடிய செருப்பும், இரண்டு மடிப்பு மடிக்கக்கூடிய காற்சட்டையும் போதும். உப்புவெளிப் பக்கத்து ஹொட்டேல் என்றால், உள்ளே ஏசி இருந்தாலும் போகும் வழியில் இருக்காது, வெளிவெயிலுக்கே உடுத்துங்கள். ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்றோடு மழை வந்தால் வெள்ளைச் சேர்ட்டை மறந்துவிடுங்கள், நனைந்தால் எல்லாம் தெரியும்.

இவ்வளவும் உடம்புக்கும் காலநிலைக்கும். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று இருக்கிறது. திருகோணமலை சின்ன ஊர். கடைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர், ரியூசன் வாத்தியார் என்று வழியில் காண்கிற அரைவாசிப் பேர் உங்களுக்குச் சொந்தம், மீதிப் பேர் அவளுக்குச் சொந்தம். நீங்கள் மினுங்கும் சேர்ட்டும் கூர்ச் சப்பாத்துமாக வந்து நின்றால், 'என்ன தம்பி, கலியாண வீடோ?' என்று ஒருவராவது நின்று கேட்பார். உங்களுக்கு அது பகிடி. பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு அது பகிடி இல்லை. இரவு வீட்டில் பதில் சொல்லப் போவது அவள். வேலை முடிந்து வருகிற ஒருவர், வழியில் தெரிந்த பிள்ளையைக் கண்டு கதைத்துக்கொண்டு நிற்கிறார் என்று பார்ப்பவர்கள் நினைக்கும்படி உடுத்துங்கள். சுத்தமாக, அளவாக, வழக்கமாக. அவள் எப்படி வருவாள் என்று தெரியாதபோது அவளைவிட மிஞ்சாமல் நிற்பதும் நல்லது. ஒருத்தி கந்தோரிலிருந்து நேரே பருத்திச் சுடிதாரில் வந்து இறங்க, எதிரே ஒருவர் கோட்டுப் போட்டு நின்றால் யாருக்குச் சங்கடம்?

கையில் மணிக்கூடு கட்டலாம். சங்கிலி, மோதிரம் எல்லாம் உங்கள் விருப்பம், எனக்கு அதில் அபிப்பிராயம் இல்லை. நகத்தை மட்டும் வெட்டிவிடுங்கள்.

இன்னொரு விஷயம், இது தொழில்காரனாகச் சொல்வது. சேர்ட்டின் பக்கம் பிடிக்க, காற்சட்டையின் நீளம் குறைக்க எந்தத் தையல்காரருக்கும் ஒன்றிரண்டு நாள் வேண்டும், ஏற்கெனவே கையில் வேலை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சந்திப்பென்றால் புதன்கிழமையே கொண்டுவந்து தாருங்கள், வெள்ளி பின்னேரம் போட்டுப் பார்த்து எடுத்துப் போகலாம். சனிக்கிழமை கடை பூட்டும் நேரத்தில் ஓடிவந்து, 'அண்ணை, நாளைக்கு அவசரம்' என்று நிற்காதீர்கள். அவசரம் எதற்கென்று நான் கேட்க மாட்டேன், ஆனால் கடையில் நிற்கும் எல்லோருக்கும் விளங்கிவிடும்.

நன்றி, வணக்கம்.