கடைசி இடத்தில் நிற்கும் கழகம்

வணக்கம் நேயர்களே. உதைபந்தாட்டம் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். மெஸ்ஸியா ரொனால்டோவா என்று தீர்ப்புச் சொல்வேன் என எதிர்பார்த்து வானொலியைத் திருப்பியிருந்தால், இப்போதே சொல்லிவிடுகிறேன், அந்தப் பேச்சு இல்லை. எனக்குப் பிடித்தது புள்ளிப் பட்டியலின் அடிப்பக்கம். முதலிடத்தைப் பற்றிப் பேச உலகமே இருக்கிறது. கடைசி இடத்தில் நிற்கிற கழகத்தைப் பற்றி யார் பேசுவது?

நம் வன்னியில் ஒரு கழகம் தோற்றால் என்ன நடக்கிறது? மாங்குளமோ பூநகரியோ புதுக்குடியிருப்போ, கதை ஒன்றுதான். முதல் சுற்றிலேயே வெளியேறி, வாடகைக்குப் பிடித்த வாகனத்துக்குக் காசு கொடுத்து வீட்டுக்கு வருகிறோம். அடுத்த ஞாயிறு நிர்வாகக் கூட்டம். முதல் தீர்மானம், பயிற்றுவிப்பாளரை மாற்றுவது. அவர் யார் என்று பார்த்தால், பக்கத்துப் பாடசாலையின் விளையாட்டு ஆசிரியராக இருப்பார், இல்லாவிட்டால் முழங்கால் போய் ஆட்டத்தை விட்ட பழைய வீரராக இருப்பார். சம்பளம் கிடையாது. மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோலும் அவர் காசு. பயிற்சிக்கு வந்தது ஆறு பேர், போட்டிக்கு வந்தது பதினொரு பேர் என்றால் அவர் என்ன செய்வார்? டாங்கியில் டீசல் இல்லை என்பதற்காக டிரக்டர் ஓட்டுகிறவரை மாற்றுகிற வேலை இது.

இங்கிலாந்திலும் இதே வியாதிதான். காசு மட்டும் கூட. அங்கே மேல் நான்கு பிரிவுகளில் 92 கழகங்கள். முதற் பிரிவான பிரீமியர் லீகில் 20, அதன் கீழ் மூன்று பிரிவுகளிலும் 24, 24 ஆக. நான்காவது பிரிவில் கடைசி இரண்டு இடத்துக்கு வந்தால் ஐந்தாவது பிரிவுக்கு இறங்கவேண்டும். ஒரு காலத்தில் அப்படி இல்லை. கடைசி நான்கு கழகங்கள் தங்களைப் பிரிவில் வைத்திருக்கச் சொல்லி மற்றக் கழகங்களிடம் வாக்குக் கேட்கும், பெரும்பாலும் போட்டுவிடுவார்கள். 1987இல்தான் கடைசி இடத்துக்கு வந்த கழகம் நேராக இறங்கவேண்டும் என்ற விதி முதன்முதலாக வேலை செய்தது. அந்தப் பருவத்தின் கடைசி நாளில் டோர்கீ யுனைட்டட் வீரர் ஒருவரைப் பொலிஸ் நாய் கடித்து, அந்தக் காயத்துக்காகக் கூட்டிக்கொடுத்த நிமிடங்களில் டோர்கீ கோல் அடித்துத் தப்பியது. லிங்கன் சிற்றி இறங்கியது. நாய்க்கடியால் பிழைத்த கழகம்! சிரிக்கவேண்டாம், உண்மை.

ஆனால் நான் சொல்ல வந்த கழகம் வேறு. கார்லைல் யுனைட்டட். ஸ்கொட்லாந்து எல்லைக்குப் பக்கத்தில், பெரிய நகரங்களுக்கு எட்டத்தில் கிடக்கிற ஊர். எங்களுக்குக் கொழும்பு எவ்வளவு தூரமோ, அப்படி ஓர் ஒதுக்குப்புறம் என்று வையுங்கள்.

1999 மே 8. கடைசிப் போட்டி. கார்லைல் வென்றால்தான் நான்காவது பிரிவில் இருக்கலாம். பிளைமவுத்துடன் ஆட்டம், 90 நிமிடம் முடிய 1-1. எங்கேயோ கிழக்குக் கரையில், கார்லைல் வெல்லாவிட்டால் தப்பக்கூடிய ஸ்கார்பரோ கழகம் சமன் செய்து முடித்துவிட்டு, தப்பிவிட்டோம் என்று மைதானத்துக்குள் இறங்கிக் கொண்டாடிக்கொண்டிருக்கிறது. இங்கே கார்லைலுக்கு ஒரு கோணர் உதை. கோல் காப்பாளர் ஜிமி கிளாஸ் தன் கோல் கம்பத்தை விட்டு முழு மைதானத்தையும் ஓடிக் கடந்து எதிரணியின் கோலுக்கு முன்னால் வந்து நிற்கிறார். அவர் கார்லைலின் சொந்த வீரர்கூட இல்லை. ஸ்விண்டனிலிருந்து இரவலாக வந்தவர், கார்லைலுக்கு ஆடியதே மூன்று போட்டி. பந்து வருகிறது. ஒருவர் தலையால் முட்ட, எதிரணிக் காப்பாளர் தட்டிவிடுகிறார். தட்டிய பந்து கிளாஸின் காலடியில். அடித்தார். கோல்! 2-1. பெரிய கிண்ணத்துக்கான இறுதிப் போட்டி எதையும் நான் இவ்வளவு தடவை திரும்பத் திரும்பப் பார்த்ததில்லை. ஸ்கார்பரோ இறங்கியது, 2007இல் அந்தக் கழகமே இழுத்து மூடப்பட்டது. இறங்குவது அப்படியும் முடியும்.

கார்லைலின் அப்போதைய முகாமையாளர், அதாவது நம் பயிற்றுவிப்பாளர் மாதிரி, நைஜல் பியர்சன். கழகம் தப்பியது, ஆனால் அந்தக் கோடையிலேயே அவர் போய்விட்டார். பார்த்தீர்களா?

அதே கார்லைல் 2004இல் கடைசியில் இறங்கியே விட்டது. அப்போது முகாமையாளர் போல் சிம்சன். நம்மூர் நிர்வாகமாக இருந்தால் அன்றிரவே அவரை அனுப்பியிருக்கும். கார்லைல் வைத்துக்கொண்டது. 2005இல் திரும்ப ஏறினார்கள். 2006இல் நான்காவது பிரிவில் முதலிடம், இன்னொரு படி ஏற்றம். இறக்கிய அதே மனிதர் இரண்டு படி ஏற்றினார். 2022இல் மறுபடி தள்ளாடியபோது அவரையே கூப்பிட்டார்கள். தப்பவைத்தார், 2023இல் மூன்றாவது பிரிவுக்கு ஏற்றினார். அடுத்த வருடம் இறங்கியது. 2024 ஓகஸ்டில், பருவம் தொடங்கிய கையோடு அவரை நீக்கினார்கள். அதே பருவத்தில் அடுத்து ஒருவர், அவரும் போய் மூன்றாமவர். 2025இல் கார்லைல் ஐந்தாவது பிரிவில். ஒரு பருவத்தில் மூன்று முகாமையாளர்கள்!

லீசெஸ்டர் சிற்றி அதே பியர்சனை நீக்கி ரனியேரி என்ற முகாமையாளரைக் கொண்டுவந்து 2016இல் பிரீமியர் லீக் சம்பியன் ஆகவில்லையா என்று யாரோ கேட்பது எனக்குக் கேட்கிறது. ஆனது. அந்த ரனியேரியையும் ஒன்பது மாதத்தில் நீக்கினார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? நெதர்லாந்தின் முதற் பிரிவில் 1986 முதல் 2004 வரை நடந்த மாற்றங்களை பாஸ் டெர் வீல் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். பயிற்றுவிப்பாளரை நீக்கிய கழகங்கள் பிறகு நிமிர்ந்தன. அதேபோல் தோற்றும் நீக்காமல் விட்ட கழகங்களும் அவ்வளவே நிமிர்ந்தன. தொடர்ந்து தோற்கிற அணி எப்படியும் கொஞ்சம் தேறும், பெயர் புதிதாக வந்தவருக்குப் போகிறது. திரும்பவும் சொல்கிறேன், நீக்காத கழகங்களும் அவ்வளவே நிமிர்ந்தன.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். சரி, நம்மூர் விடயத்தை ஓட்டமாகச் சொல்கிறேன். எங்கள் சுற்றுப்போட்டிகள் பெரும்பாலும் விலகல் முறை. ஒன்றில் தோற்றால் அந்த வருடம் முடிந்தது. ஒரே ஒரு போட்டியை வைத்துப் பயிற்றுவிப்பாளரை எப்படி எடைபோடுவது? கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, நான்கு மாவட்டக் கழகங்களும் சேர்ந்து இரண்டு பிரிவாக, ஏறவும் இறங்கவும் வழியோடு, எல்லோரும் எல்லோருடனும் மோதுகிற லீக் முறையில் ஆடினால், கடைசியில் நிற்கிற பிள்ளைகளுக்கும் கடைசி நாள்வரை ஒரு போட்டி இருக்கும். செலவு, மத்தியஸ்தர், மழைக்காலம் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், நேரம் இல்லை. உங்கள் கழகத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் பயிற்றுவிப்பாளருக்கு மூன்று வருடம் என்று யாராவது முன்மொழியுங்கள். பெற்றோல் காசையும் சேர்த்து. நன்றி, வணக்கம்.