பல்லு பாருங்கம்மா

நேயர்களுக்கு வணக்கம். போன தை மாதம் கல்யாண ஜவுளி எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தோம். கடைப் பையன் ஒரு பட்டுப்புடவையை உதறி விரித்து, "பல்லு பாருங்கம்மா, ரிச்சா இருக்கு" என்றான். என் அத்தைக்கு எண்பதை நெருங்கும் வயது. "எனக்கு மிச்சமே நாலு பல்லுதான்டா, அதைப் பாத்து என்ன பண்ணப் போறே?" என்றார்.

இந்தப் 'பல்லு' வடக்கிலிருந்து வந்த சொல். நம்மிடம் முந்தானை இருக்கிறது. முந்தி, தலைப்பு என்றும் சொல்வோம். பழைய வடிவம் முன்றானை. முன்னும் தானையும் சேர்ந்தது. தானை என்றால் ஆடை.

தறிக்காரர்களுக்குப் புடவை என்பது உடல், கரை, முந்தி. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்தால் கோர்வை. அதற்குக் குறுக்கு இழையைக் கொண்டு போகும் நாடா மூன்று ஓட வேண்டும், பக்கத்தில் துணைக்கு ஓர் ஆளும் வேண்டும். முந்தியும் தனி நிறம் என்றால் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகள், அதையே மாற்ற வேண்டும். உடல் பாவின் இழைகளோடு முந்திப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகக் கையால் இணைப்பார்கள். பிட்னி என்று அதற்குப் பெயர். புடவையைத் திருப்பி, உடலும் முந்தியும் சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், சன்னமாகத் தட்டுப்படும். பாவை மாற்றாமல் குறுக்கு இழையான ஊடையை மட்டும் மாற்றியிருந்தால், உடலின் நிறம் முந்தியிலும் கலந்தடிக்கும்.

கரைக்குத்தான் எத்தனை பெயர்! மயில்கண், ருத்ராட்சம், வங்கி, தாழம்பூ ரேக்கு. கரையிலிருந்து உடலுக்குள் கூர்கூராக ஏறினால் பிள்ளையார் மொக்கு. இன்று கடையில் 'டெம்பிள் பார்டர்' என்றால்தான் எடுத்துப் போடுகிறார்கள். எனக்கென்னவோ மொக்குதான் அழகு.

தறியில் இல்லாத பாகமும் புடவைக்கு உண்டு. கொசுவத்தை யாரும் நெய்வதில்லை. உடுத்தும்போது உண்டாகிறது, அவிழ்த்தால் போய்விடுகிறது. இலக்கியத்தில் இது கொய்சகம். கொய்வது என்றால் துணியை மடித்துச் சுருக்குவது. மடியும் அப்படித்தான். அத்தைக்கு வெற்றிலை மடியில், சில்லறை முந்தி முனையில். கைப்பை வாங்கிக் கொடுத்தோம், பீரோவில் கிடக்கிறது.

அன்று சாயங்காலம் பேருந்து நிலையத்தில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கினார். முந்தி முடிச்சு இறுகிப் போயிருந்தது. அந்த நாலு பல்லால்தான் கடித்து அவிழ்த்தார்.