ஸ்க்ரீன்ல பேரு ஏறுறதுக்கு முன்னாடி

வணக்கம். நியூஸ் பாக்கறப்ப ஸ்க்ரீன்ல கீழ பேசுறவரோட பேரு, பதவி போட்டு ஒரு பட்டை வரும், அதுக்குக் கீழ ஸ்க்ரோல் ஓடும், திடீர்னு சிவப்பா பிரேக்கிங்னு வரும், இதையெல்லாம் இப்ப எவ்வளவு தூரம் மெஷினே தானா பாத்துக்குது, எங்க மனுஷன் கண்டிப்பா இருக்கணும்ங்கறதப் பத்திப் பேச வந்திருக்கேன்.

முன்னாடி ரிப்போர்ட்டர் ஸ்கிரிப்ட்ல ஒரு பேர அடிப்பாரு, அதையே கிராபிக்ஸ் ஆபரேட்டர் அவரோட மெஷின்ல திரும்ப அடிப்பாரு, ஸ்க்ரோல் டெஸ்க்ல இன்னொருத்தரு இன்னொரு தடவ அடிப்பாரு. ஒரே மனுஷனுக்கு ஒரே நேரத்துல மேல ஒரு ‘ன’, கீழ ஒரு ‘ண’ன்னு ரெண்டு பேரு. ஆட்டோமேஷன்னா பட்டன் அழுத்துற ஆளைக் குறைக்கறதுன்னு நெனைக்கிறாங்க, என்னைக் கேட்டா ஒரு பேர ஒரே ஒரு எடத்துல அடிச்சு, சரி பார்த்து, அதையே எல்லா எடத்துக்கும் எடுத்துக்கறதுதான் இதுல பெரிய லாபம்.

இதுக்கு மாஸ்னு (MOS) ஒரு புரோட்டோகால் இருக்கு, அதாவது நியூஸ்ரூம் சாப்ட்வேரும் கிராபிக்ஸ் மெஷினும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற முறை, எக்ஸ்எம்எல்ல போற மெசேஜ்தான். ரிப்போர்ட்டர் நியூஸ்ரூம் சாப்ட்வேர்ல ஸ்கிரிப்ட் எழுதும்போதே டெம்ப்ளேட்ட, அதாவது பேரும் பதவியும் மட்டும் நிரப்ப வேண்டிய ரெடிமேட் பட்டையத் தேர்ந்தெடுத்து பேரையும் பதவியையும் போட்டுடுவாரு, அது அந்தச் செய்தியோட ஒட்டிக்கும். புல்லட்டின் நடுவுல புரொட்யூசர் மூணாவது செய்திய ஏழாவதுக்குத் தள்ளுனா கிராபிக்ஸும் கூடவே நகரும். இது இல்லாத காலத்துல ஆபரேட்டர் கையில இருக்கற வரிசையும் ரன்டவுன்ல, அதாவது புல்லட்டினோட செய்திப் பட்டியல்ல இருக்கற வரிசையும் வேற வேற ஆயிடும், மந்திரி பேசுறப்ப டாக்டர் பேரு ஏறும், அது ஆபரேட்டர் தப்பே இல்ல, வரிசை மாறுனத அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

கிராபிக்ஸ் மெஷின் ரெண்டு சிக்னல் அனுப்பும், ஒண்ணு படம், இன்னொண்ணு அந்தப் படம் எங்க தெரியணும், எங்க பின்னாடி இருக்கறது தெரியணும்னு சொல்ற கருப்பு வெள்ளை சிக்னல், முதல்ல சொன்னத பில், ரெண்டாவத கீன்னு சொல்வோம். எந்தக் கேமரா படம் ஏர்ல போகணும்னு மாத்தற ஸ்விட்சர் மெஷின் ரெண்டையும் சேத்து கேமரா படத்து மேல வைக்கும். செகண்டுக்கு 25 ப்ரேம்னா ஒரு ப்ரேமுக்கு 40 மில்லிசெகண்டுதான், அதனால டெம்ப்ளேட்ட முன்னாடியே லோட் பண்ணி வச்சுட்டு, நேரம் வந்ததும் ப்ளே மட்டும் கொடுக்கணும்.

பெரிய கம்பெனி சாப்ட்வேர் வாங்க முடியாதவங்க கேஸ்பர்சிஜிங்கற கிராபிக்ஸ் சாப்ட்வேரப் பாருங்க, ஸ்வீடனோட எஸ்விடி டிவி உருவாக்கி ஓப்பன் சோர்ஸா கொடுத்தது, நெட்வொர்க் வழியா 5250 போர்ட்ல சாதாரண எழுத்துக் கட்டளை அனுப்பினா போதும், டெம்ப்ளேட்ட எச்டிஎம்எல்லயே எழுதலாம். ஆனா டெம்ப்ளேட்ட சின்னப் பேர வச்சு டெஸ்ட் பண்ணாதீங்க! நீளமான தமிழ்ப் பேரும், அதைவிட நீளமான பதவியும் போட்டுப் பாருங்க, ‘கொ’, ‘கௌ’ மாதிரி எழுத்துல கொம்பு சரியான பக்கம் நிக்குதான்னு பாருங்க.

தேர்தல் ரிசல்ட் மாதிரி எண்ணிக்கை நேரா டேட்டாவுல இருந்து வர்ற எடத்துல ஆட்டோமேஷன் இல்லாம முடியவே முடியாது, அவ்வளவு தொகுதிய யாரும் கையால அடிக்க முடியாது. முன்னிலை ஏறும் இறங்கும், சரி, ஆனா எண்ணி முடிச்ச ஓட்டு குறையக் கூடாது, குறைஞ்சா அந்த அப்டேட்ட அப்படியே நிறுத்தி ஒரு ஆளுக்குக் காட்டணும்னு விதி வைக்கணும்.

2022 மே மாசம் பிபிசி நியூஸ் ஸ்க்ரோல்ல மான்செஸ்டர் யுனைடெட் குப்பைன்னு ஓடுச்சு, ஒரு டிரெய்னி ஸ்க்ரோல் ஓட்டக் கத்துக்கறப்ப அடிச்ச வரி அது, பிபிசி மன்னிப்பு கேட்டாங்க. பழகுற மெஷினும் ஆன்ஏர் மெஷினும் தனித்தனியா இருக்கணும், அவ்வளவுதான். 2013 ஜூலைல சான் பிரான்சிஸ்கோ விமான விபத்துக்கு அப்புறம் அமெரிக்காவோட கேடிவியூ சேனல்ல விமானிங்க பேருன்னு பொய்யான, அவங்க இனத்தையே கேலி பண்ற பேருங்க ஸ்க்ரீன்ல வந்துச்சு. அங்க மெஷின் சொன்னதத்தான் செஞ்சுச்சு, பேரே தப்பு. இறந்தவங்க பேரு, குற்றம் சாட்டப்பட்டவங்க பேரு, பிரேக்கிங் வரி, இந்த மூணும் ஒரு எடிட்டர் கண்ணுல படாம தானா ஏறவே கூடாதுங்கறதுல நான் ரொம்பப் பிடிவாதமா இருக்கேன்.

பட்டைய ஏத்தறதப் பத்தி எல்லாரும் யோசிக்கறாங்க, எறக்கறதப் பத்தி யோசிக்கறதில்ல. ஆறு செகண்டுல தானா எறங்கும்னு வச்சிருப்பாங்க, டைரக்டர் மூணாவது செகண்டுலயே வேற கேமராவுக்கு வெட்டிடுவாரு, பேரு இன்னொருத்தர் முகத்துல நிக்கும். அதனால ஷாட் மாறுனா பட்டையும் எறங்கணும்னு ஸ்விட்சரோட சேத்துக் கட்டுங்க, அதுக்கு மேலயும் எல்லாத்தையும் ஒரே அழுத்துல அழிக்கற க்ளியர் பட்டன தனி பட்டனா ஆபரேட்டர் கைக்குப் பக்கத்துலயே வைங்க, மவுசால தேடிப் பிடிக்கற மெனுவுக்குள்ள வேணாம். நன்றி, வணக்கம்.