காது வலிச்ச நாயும் பெட்டிக்குள்ள ஒளிஞ்ச பூனையும்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு விலங்கு காப்பகத்துல, ஷெல்டர்னு எல்லாரும் சொல்றோமே அங்க, புதுசா வர்ற நாய் பூனைங்கள முதல்ல பாத்து ஃபைல் போடற வேலைல ரொம்ப வருஷமா இருக்கேன். இந்த வேலைய பத்தி பேச கூப்பிட்டாங்க, எங்க ஆரம்பிக்கறதுன்னு யோசிச்சப்ப ஒரு நாய்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

பிரவுன் கலர் ஆண் நாய், ஆறேழு வயசு இருக்கும். கூட வந்த பேப்பர்ல சிவப்பு பேனாவுல "கடிக்கும்"னு ஒரே ஒரு வார்த்தை. தலைக்கு மேல யார் கை போனாலும் உறுமும், இன்னும் கொஞ்சம் கிட்ட போனா டப்புன்னு காத்துல கடிக்கும். நான் கூண்டுக்கு வெளிய அத நேரா பாக்காம பக்கவாட்டுல திரும்பி சும்மா உக்காந்திருந்தேன், ஒரு அரை மணி நேரம் இருக்கும், அப்பதான் கவனிச்சேன் தலைய எப்பவும் இடது பக்கமா லேசா சாய்ச்சே வச்சிருக்கு, அடிக்கடி உதறுது, உதறி முடிச்சதும் சின்னதா ஒரு முனகல். கிட்ட போனா புளிச்ச வாடை. டாக்டர் மயக்க ஊசி போட்டு காத பிரிச்சு பாத்தா உள்ள பூரா சீழ், துவாரமே வீங்கி அடைச்சுக்கிட்டு இருந்துது. சுத்தம் பண்ணி மருந்து ஊத்தி வலிக்கு மாத்திரையும் குடுத்து பத்து பன்னெண்டு நாள் போச்சு, அப்புறம் அதே நாய் தலைய என் முழங்கால்ல வச்சு அழுத்திக்கிட்டு நின்னுது, சொறிஞ்சு விடுன்னு. அந்த சிவப்பு எழுத்த மட்டும் நம்பியிருந்தோம்னா அதுக்கு வீடே கிடைச்சிருக்காது.

அதனாலதான் உடம்ப ஒருத்தர் குணத்த ஒருத்தர்னு பிரிச்சு பாக்கறத நான் ஒத்துக்கறதே இல்ல. வலியும் பயமும் சேர்ந்துதான் குணம்னு நம்ம கண்ணுக்கு தெரியுது.

சரி, ஒரு உயிர் உள்ள வந்ததும் என்ன பண்றோம்னு சொல்றேன். தொடறதுக்கு முன்னாடி தள்ளி நின்னு பாக்கணும். எப்படி நிக்குது, எந்த கால ஊன மாட்டேங்குது, மூச்சு எப்படி போகுது. நாய் நாக்க தொங்க விட்டு மூச்சு விடறது சாதாரணம், ஆனா ஒரு பூனை வாய திறந்து மூச்சு விட்டா மத்த வேலையெல்லாம் அப்படியே போட்டுட்டு டாக்டர்கிட்ட ஓடணும். அதே மாதிரி ஆண் பூனை ஒண்ணு லிட்டர் ட்ரேல, அது கழிக்கற மண் தட்டுல, போய் போய் உக்காந்து முக்குது ஆனா ஒண்ணும் வரலன்னா பாக்கறவங்க மலச்சிக்கல்னு நினைச்சுக்குவாங்க, நிறைய நேரம் அது மூத்திரக்குழாய் அடைப்பு, ஒண்ணு ரெண்டு நாள்ல உயிரே போயிடும். இத வீட்ல பூனை வச்சிருக்கறவங்களும் தயவுசெஞ்சு மனசுல வச்சுக்கோங்க.

அடுத்து மைக்ரோசிப், யாரோட நாய் பூனைன்னு கண்டுபிடிக்க உதவற நம்பர் சிப். தோள்பட்டை ரெண்டுக்கும் நடுவுல தோலுக்கடியில அரிசி மணி சைஸ்ல இருக்கும், உலக அளவுல பொதுவா இருக்கற சிப்ல 15 இலக்க நம்பர். ஸ்கேனர சர்ருன்னு ஒரு இழுப்பு இழுத்துட்டு சிப் இல்லன்னு எழுதிடக்கூடாது, சிப் நகர்ந்து தோளுக்கோ முழங்கை பக்கமோ போயிருக்கலாம், மெதுவா உடம்பு முழுக்க வளைச்சு வளைச்சு ஓட்டணும், ஒரு நாள் கிடைக்கலன்னா இன்னொரு நாள் திரும்பவும். இதுல காட்டற பொறுமைதான் ஒரு குடும்பம் தொலைச்ச நாய திரும்ப பாக்கறதும் பாக்காம போறதும்.

அப்புறம் கை வச்சு பாக்கறது. உதட்ட தூக்கி ஈற விரலால அழுத்தி விட்டா வெளுத்து ரெண்டு செகண்டுக்குள்ள ரோஸ் கலர் திரும்பணும், நேரமானா ரத்த ஓட்டத்துல ஏதோ கோளாறு. கழுத்துப்பக்க தோல கிள்ளி விட்டா சட்டுன்னு படியணும், படியாம கூடாரம் மாதிரி நின்னா உடம்புல தண்ணி இல்ல. காய்ச்சல் பாக்கும்போது நம்ம கணக்கு போடக்கூடாது, நாய் பூனைக்கு 38லேருந்து 39 டிகிரி செல்சியஸ் சுமார் இருக்கறது சாதாரணமே. பல்ல பாத்து வயசு சொல்லலாம், ஆறு ஏழு மாசத்துல பால் பல்லெல்லாம் விழுந்து நிரந்தர பல் வந்துடும், அதுக்கப்புறம் பல்லுல படிஞ்ச காரையும் பல் தேய்மானமும் பாத்து ஒரு உத்தேசம்தான். உடம்பு வாகுக்கு 1லேருந்து 9 வரைக்கும் ஒரு மார்க் இருக்கு, நாலு அஞ்சு நல்ல மார்க். இத நீங்க இப்பவே கத்துக்கலாம், ஒரு கைய விரிச்சு புறங்கைய இன்னொரு கை விரலால தடவி பாருங்க, எலும்பு லேசா தட்டுப்படுது இல்லையா, விலா எலும்பு அப்படி தட்டுப்பட்டா சரியான எடை. அதே கைய முஷ்டியா மடக்கி முட்டிய தடவினா எப்படி புடைச்சு நிக்குதோ விலா அப்படி இருந்தா ரொம்ப மெலிஞ்சு போயிருக்கு. முடி அடர்த்தியான நாய் பூனைய கண்ணால பாத்து ஏமாறாதவங்களே கிடையாது, கைதான் உண்மைய சொல்லும்.

தடுப்பூசிய வந்த அன்னைக்கே, முடிஞ்சா உள்ள கொண்டு போறதுக்கு முன்னாடியே போடணும். பாவம் பயந்து போயிருக்கு ரெண்டு நாள் போகட்டுமேன்னு சிலர் சொல்வாங்க, அந்த ரெண்டு நாள்லதான் பார்வோவும் டிஸ்டெம்பரும், நாய்ங்கள கொல்ற ரெண்டு வைரஸ் நோய், புகுந்துடும். குட்டிங்களுக்கு ஷெல்டர்ல நாலு வாரத்துலயே ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ 20 வாரம் ஆகற வரைக்கும் போடுவோம், ஏன்னா தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி ஊசிய வேலை செய்ய விடாது, அது எந்த வாரம் தீரும்னு ஒவ்வொரு குட்டிக்கும் வேற வேற, அதனால திரும்ப திரும்ப போட்டுக்கிட்டே இருக்கணும். இன்னொரு சங்கடம், வந்த அன்னைக்கு நல்லா இருக்கற குட்டி உண்மைல நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. பார்வோ உடம்புல ஏறி வெளிய தெரிய பெரும்பாலும் மூணு நாள்லேருந்து ஒரு வாரம், சில சமயம் ரெண்டு வாரம், டிஸ்டெம்பர் நாலு வாரம் கூட ஒளிஞ்சிருக்கும். பூனைங்களுக்கு ஹெர்பெஸ் வைரஸ் ஒரு தடவ வந்தா உடம்புக்குள்ளயே தங்கிடும், மனசு கலங்குனா கிளம்பி வரும், அதனாலதான் இடம் மாறி ஒரு வாரம் கழிச்சு தும்மல் ஆரம்பிக்குது. அப்பவும் பாருங்க, மனசுல கிளம்பினது மூக்குல வந்து நிக்குது.

படர்தாமரைக்கு இருட்டு ரூம்ல ஊதா விளக்கு அடிச்சு பாப்போம், பூனைங்களுக்கு அதிகமா வர்ற பூஞ்சையா இருந்தா முடியோட அடிப்பக்கம் ஆப்பிள் பச்சையா மின்னும், எல்லா வகையும் மின்னாது, அதனால சந்தேகம் இருந்தா முடிய எடுத்து லேபுக்கும் அனுப்பணும். தினமும் காலைல ரவுண்ட்ஸ் போகும்போது குட்டிங்க முதல்ல, அப்புறம் ஆரோக்கியமான பெரிசுங்க, நோய் வந்ததுங்கள தனியா வச்சிருக்கற ஐசொலேஷன் கடைசில, இந்த வரிசைய மாத்தவே கூடாது. மாத்தினா நம்ம கையும் செருப்பும்தான் நோய எடுத்துட்டு போய் குட்டிங்களுக்கு குடுக்கும்.

இப்ப குணத்துக்கு வரேன், எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கற விஷயம் இது. முன்னாடி பல ஷெல்டர்கள்ல ஒரு டெஸ்ட் வைப்பாங்க, நாய் வந்து ஒண்ணு ரெண்டு நாள்ல ஒரு ரூமுக்கு கூட்டிட்டு போய் வரிசையா சோதிப்பாங்க. அதுல ஒண்ணு, ஒரு குச்சில ரப்பர் கைய மாட்டி நாய் சாப்பிடும்போது கிண்ணத்துக்குள்ள விட்டு இழுக்கறது. உறுமினாலோ கையை கடிச்சாலோ ஃபெயில். சில இடத்துல ஃபெயில்னா சாவுன்னே அர்த்தமா இருந்துது. யோசிச்சு பாருங்க, பழகுன வீடு போச்சு, ராத்திரி பூரா சுத்தி நாய்ங்க குரைக்குது, தூக்கம் இல்ல, அந்த நேரத்துல முகம் தெரியாத ஒருத்தர் சாப்பாட்டுக்குள்ள ஒரு ரப்பர் கைய நுழைக்கறார்.

1997ல அமெரிக்கால ஒரு ஷெல்டர்ல நாய்ங்களோட ரத்தத்துல கார்டிசால், அந்த மன அழுத்த ஹார்மோன் இருக்கே, அத அளந்து பாத்தாங்க, முதல் மூணு நாள் உச்சத்துல இருந்துது. அந்த மூணு நாள்ல நாம பாக்கறது பயத்த. 2012ல வந்த இன்னொரு ஆராய்ச்சில சாப்பாட்டு கிண்ணத்த காவல் காக்குதுன்னு அடையாளம் கண்ட 96 நாய்ங்கள வீடுகளுக்கு குடுத்தாங்க, எப்படி சாப்பாடு வைக்கணும்னு வீட்டுக்காரங்களுக்கு சொல்லிக்குடுத்துத்தான் அனுப்பினாங்க, முதல் மூணு வாரத்துல 6 வீட்டுலதான் அந்த மாதிரி ஏதாவது நடந்ததா சொன்னாங்க. 2016ல பட்ரோனெக், பிராட்லின்னு ரெண்டு பேர் இந்த டெஸ்டுகளோட கணக்க எல்லாம் அலசி, காச சுண்டி பூவா தலையா பாக்கறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லன்னு எழுதினாங்க. படிச்சப்ப எனக்கு தூக்கமே வரல, இந்த மாதிரி ஃபெயில் போட்ட எத்தன நாய்ங்க ஞாபகத்துக்கு வந்துச்சுன்னு சொல்ல முடியாது.

அதுக்காக கண்ண மூடிக்கிட்டு எல்லா நாயையும் குடுத்துடலாம்னு சொல்லல. நிஜமாவே ஆள கடிச்சு கிழிச்ச நாய் இருக்கு, அத மறைச்சு ஒரு குழந்தை இருக்கற வீட்டுக்கு அனுப்பறது பெரிய தப்பு. கடிச்சிருந்தா எந்த சூழ்நிலைல கடிச்சுது, பல்லு பட்டுதா ஆழமா இறங்குச்சா, விட்டுதா விடலையா எல்லாம் எழுதணும், ரேபிஸ் விஷயத்துல பத்து நாள் தனியா வச்சு கண்காணிக்கற விதியையும் ஒரு மணி நேரம் கூட குறைக்கக்கூடாது. நான் சொல்றது என்னன்னா ஒரே ஒரு பரீட்சைல முடிவு பண்ணாதீங்க. கூண்ட சுத்தம் பண்றவர் என்ன பாத்தார், வாக்கிங் கூட்டிட்டு போன வாலன்டியர் என்ன பாத்தார், மத்த நாயோட மைதானத்துல விட்டப்ப எப்படி இருந்துது, ஃபாஸ்டரா, அதாவது தற்காலிகமா, ஒரு வாரம் வீட்ல வச்சிருந்தவங்க என்ன சொல்றாங்க, எல்லாத்தயும் தேதி போட்டு சேர்க்கணும். எழுதும்போதும் "முரடு"ன்னு எழுதாதீங்க, "காலர் மாட்ட கை நீட்டினப்ப உடம்பு விறைச்சுது, உதட்ட நக்குச்சு, கண்ணுல வெள்ளை தெரிஞ்சுது, உறுமுச்சு"ன்னு கண்ணால பாத்தத எழுதுங்க. வால் ஆடறத மட்டும் பாத்து சிரிச்சுக்கிட்டே போறவங்க நிறைய, உடம்பு தளர்வா இடுப்போட சேர்ந்து ஆடினா அது சந்தோஷம், உடம்பு கட்டை மாதிரி நின்னு வால் மட்டும் மேல நிமிர்ந்து விறுவிறுன்னு ஆடினா அங்கயே நின்னுடுங்க.

பூனைங்க கதை வேற. நாய் பயத்த சத்தமா சொல்லும், பூனை சத்தமே இல்லாம சொல்லும். லிட்டர் ட்ரேல ஒடுங்கி உக்காந்து அசையாம இருக்கற பூனைய பாத்து "அமைதியான பூனை"ன்னு எழுதி வச்சத நானே பாத்திருக்கேன், அது அமைதி இல்ல, பயத்துல உறைஞ்சு போயிருக்கு. 1997ல கெஸ்லர், டர்னர்னு ரெண்டு பேர் பூனையோட மன அழுத்தத்துக்கு 1லேருந்து 7 வரைக்கும் ஒரு அளவுகோல் போட்டாங்க, கண்மணி எவ்ளோ விரிஞ்சிருக்கு, காது எப்படி, கால் உடம்புக்கடியில மடங்கியிருக்கான்னு தொடாமயே பாத்து போடற மார்க். வலிக்கு தனியா ஒண்ணு 2019ல மாண்ட்ரியல்லேருந்து வந்துது, முகத்த மட்டும் பாக்கணும், காது, கண்ணு சுருங்கறது, மூக்கு வாய் பக்கம் இறுகறது, மீசை, தலை இருக்கற உசரம், அஞ்சுக்கும் தலா ரெண்டு மார்க், பத்துக்கு நாலு வந்துட்டா வலி மருந்து வேணுமான்னு டாக்டர் பாக்கணும்.

சீறுது, அடிக்குது, இது காட்டுப்பூனை மாதிரி வீட்டுக்கு ஆகாதுன்னு முதல் நாளே சொல்றவங்க உண்டு. மனுஷங்க கையே படாம வளர்ந்த பூனையும் வீட்ல மடில வளர்ந்து இப்ப பயந்து போன பூனையும் முதல் ரெண்டு மூணு நாள் அச்சு அசல் ஒரே மாதிரிதான் இருக்கும், யாராலயும் பிரிச்சு சொல்ல முடியாது. அதுக்கு ஒரு அட்டைப்பெட்டி குடுங்க. 2014ல நெதர்லாந்துல செஞ்சு பாத்தாங்க, ஒளிஞ்சுக்க பெட்டி குடுத்த பூனைங்களுக்கு மூணாம் நாளே பதட்டம் நல்லா குறைஞ்சிருந்துது, பெட்டி குடுக்காததுங்களுக்கு ரொம்ப நாள் ஆச்சு. பெட்டிக்குள்ள போனா யாருக்கும் தெரியாது யாரும் தத்தெடுக்க மாட்டாங்கன்னு பெட்டிய எடுத்துடறவங்கள பாத்தா எனக்கு கோவம்தான் வரும், ஒளிய இடம் இருக்கற பூனைதான் சீக்கிரம் வெளிய வந்து மூஞ்சிய காட்டும்.

கடைசியா, வளத்த பூனை நாய வேற வழியில்லாம கொண்டு வந்து விடறவங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன். சிலர் வெக்கத்துலயோ அழுகையிலயோ கூடைய வச்சிட்டு விறுவிறுன்னு போயிடுவாங்க. உங்கள நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம், கொஞ்சம் உக்காந்து அது என்ன சாப்பிடும், எதுக்கு பயப்படும், எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்கன்னு சொல்லிட்டு போங்க. நாங்க பத்து நாள் பாத்து கண்டுபிடிக்கறத நீங்க பத்து நிமிஷத்துல சொல்லிடுவீங்க.

ஒரு சாம்பல் கலர் பூனை, ரெண்டு நாளா வாய்ல ஒண்ணும் வைக்கல. பூனை அப்படி பட்டினி கிடந்தா கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சு உயிருக்கே ஆபத்து, சதை போட்ட பூனைன்னா இன்னும் மோசம். டாக்டர் மூக்கு வழியா ட்யூப் போடலாம்னு ரெடியாயிட்டார். அப்பதான் கூடைக்கு அடியில விரிச்சிருந்த துணி மடிப்புல ஒரு துண்டு பேப்பர் கிடைச்சுது, கை நடுங்க எழுதின மாதிரி எழுத்து, "லைட் அணைச்சாத்தான் சாப்பிடுவா, யாரும் பக்கத்துல நிக்கக்கூடாது." எங்க ரூம்ல ராத்திரியும் ஒரு ட்யூப் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். டாக்டர் காலை வரைக்கும் பாப்போம்னார். பெட்டிக்குள்ள கிண்ணத்த தள்ளி வச்சு, மேல ஒரு துண்ட போத்தி, லைட்ட அணைச்சிட்டு கதவ சாத்திட்டு வந்தோம். காலைல போய் பாத்தா கிண்ணம் சுத்தமா நக்கி வச்சிருந்துது.

நன்றி, வணக்கம்.