சாப்பாட்டைப் பற்றி எழுதுவதும் தொழில்தான்!

நடுவர் அவர்களே, மயிலாப்பூர் மக்களே, வணக்கம். சாப்பாட்டைப் பற்றி எழுதுவது தொழிலா, பொழுதுபோக்கா? இதுதான் தலைப்பு. 'கையில் போன் இருக்கிற எல்லாரும் ரிவ்யூ போடுறாங்க, இதுக்கு எழுத்தாளர் எதுக்கு?' என்று கேட்டுவிட்டுப் போனார் எதிரணி நண்பர். எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளம் இல்லாமல், கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்கிப் பிழைக்கிற நான் சொல்கிறேன்: இது தொழில்தான்.

சாயங்காலம் பாரிமுனையில், பர்மா பஜார் பக்கத்துத் தெருவில் போய் நில்லுங்கள். அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கிற கடைக்காரர் ஆரஞ்சு நிற நூடுல்ஸைக் கையால் அள்ளிக் கிண்ணத்தில் போடுகிறார். முட்டைக்கோஸ், வெங்காயம், நொறுக்கிய பேஜோ (தட்டை மாதிரி மொறுமொறுப்பான பர்மாப் பலகாரம்), பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர் எல்லாம் சேர்த்துப் பிசைகிறார். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதிக்கிறது. போனில் ரிவ்யூ போடுகிறவர் 'செம டேஸ்ட்' என்றதும் வீடியோ முடிந்துவிடுகிறது. எழுதுகிறவருக்கு வேலையே அங்கேதான் ஆரம்பம். பர்மாச் சாப்பாடு இந்தத் தமிழர் கைக்கு எப்படி வந்தது? 1962இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்தடுத்துக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த நம்மவர்கள் சொத்தை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். இங்கே வந்து இறங்கியவர்களுக்குச் சோறு போட்ட தொழில்களில் இந்தச் சமையலும் ஒன்று. கடைக்காரரிடம் உட்கார்ந்து பேசாமல் இதெல்லாம் தெரியவருமா?

காபிக்கு வருகிறேன். சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்துக் கலந்தால் டிகாக்‌ஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்கும், விலையும் குறைவு. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டும் எவ்வளவு என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பது விதி. 'நம்ம டிகாக்‌ஷன் எவ்வளவு திக்கா இருக்கு பாருங்க' என்று ஹோட்டல்காரர் பெருமைப்படும்போது, 'பவுடரில் சிக்கரி எவ்வளவு?' என்று கேட்க ஒரு ஆள் வேண்டாமா? ஓசியில் சாப்பிட்டவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வராது, நடுவர் அவர்களே!

கூப்பிட்டுப் பரிமாறி, கையில் கவரும் கொடுத்து எழுத வைத்தால் அதற்குப் பெயர் விளம்பரம். நாங்கள் பில்லைக் கட்டிவிட்டு வந்து எழுதுகிறோம். ஒரு பத்திரிகையில் பாக்கிப் பணம் கேட்டபோது, 'உங்களுக்குத்தான் சாப்பாடு கிடைச்சிருக்குமே' என்றார்கள். கிரைம் நிருபரிடம் இப்படிப் பேசுவார்களா? செலவையும் கூலியையும் பத்திரிகை கொடுக்கட்டும், ஹோட்டல்காரர் முகத்துக்காக ஒரு வரியையும் மாற்றாமல் எழுதுகிறோம். இல்லை, இது பொழுதுபோக்குதான் என்றால், அந்தப் பில்லை யார் கட்டுவது? அடுத்து பேச வருகிற எதிரணி நண்பர் அதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.