பாட்டி பாட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அண்ணன்மார்களே, மத்தியானம் அசனச் சோறு சாப்பிட்ட பிறகும் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சபையாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

"நம்மைப் போல இல்லாதவர்களை மதிக்கப் பிள்ளைகள் கற்றுக்கொள்வது வீட்டு ஜெபத்திலா, பள்ளிக்கூடத்திலா?" இதுதான் தலைப்பு. நான் வீட்டு ஜெபத்தின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ஒரு போடு போட்டார். "ஜெபப் பாயில் யார் இருக்கிறார்கள்? அப்பா, அம்மா, பாட்டி, ரெண்டு பிள்ளைகள். ஒரே சாதி, ஒரே சபை, ஒரே குழம்பு. அங்கே வேற்றுமைக்கு எங்கே போவது? பள்ளிக்கூட பெஞ்சில்தான் எல்லாப் பிள்ளைகளும் தோளோடு தோள் இடித்து உட்காருகிறார்கள்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்லாத்தான் சொன்னார்.

ஆனால் அண்ணே, எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தைச் சொல்கிறீர்கள்? நம் திருநெல்வேலிப் பக்கம் கையில் கட்டியிருக்கிற கயிற்றின் நிறத்தைப் பார்த்தே பையன் எந்தச் சாதி என்று சொல்லிவிடலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பையனை ராத்திரியில் வீடு புகுந்து வெட்டினார்களே, யார் அவர்கள்? அதே பள்ளிக்கூடத்தில் படித்த பையன்கள். அவன் தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்குப் பிறகு அரசாங்கம் நீதிபதி சந்துருவை வைத்து ஒருநபர் குழு போட்டது, 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார், சாதியைக் காட்டுகிற கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் பள்ளிக்கூடத்தில் கூடாது என்றார். நல்ல அறிக்கை, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டு வருகிற பையன் அதைப் பள்ளிக்கூடத்திலா வாங்கினான்? வீட்டில் யாருக்கும் தெரியாமலா கட்டிக்கொண்டு வந்தான்? கயிற்றை அறுக்க வாத்தியாரால் முடியும். அதைக் கட்டிக்கொள்ளத் தோன்றிய மனதை யார் போய்த் தொடுவது?

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு ஜெபம், சீரியல் முடிந்த கையோடு. ஒருநாள் வேதாகமத்தில் யோவான் நாலாம் அதிகாரம், சமாரியப் பெண் கிணற்றடியில் வருகிற பகுதி. என் பையன்தான் வாசித்தான். "யூதர்கள் சமாரியருடனே சம்பந்தங்கலவாதவர்களானபடியால்" என்கிற வார்த்தையில் நாக்கு மாட்டிக்கொண்டது. ரெண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "சம்பந்தம்னா என்ன பாட்டி?" என்றான். என் மாமியார் யோசிக்காமல், "பொண்ணு கொடுக்கிறது, பொண்ணு எடுக்கிறதுடா" என்றார். "அப்ப நாம யாரோட சம்பந்தம் கலக்க மாட்டோம்?"

ஐயா, அந்த நிமிஷத்தில் எங்கள் வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பாட்டி பாட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

அவன் விடவில்லை. யூதரான இயேசு அந்தச் சமாரிய அம்மாவிடம் "தாகத்துக்குத் தா" என்று கேட்கிறார். மொண்டுகொள்ள அவரிடம் பாத்திரமும் இல்லை, அதை அந்த அம்மாவே சொல்கிறாள். அப்படியென்றால் அவள் குடத்தில்தானே குடித்திருக்க வேண்டும்? இதையும் அவன்தான் கேட்டான். எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன், எனக்கு அதுவரை தோன்றவேயில்லை. டீக்கடையில் தனிக் குவளை வைத்த நாட்டில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் கிணற்றடியைத் தனியாக விளக்கத் தேவையில்லை. இதே கேள்வியைக் கணக்கு வகுப்பில் கேட்டிருந்தால், "பாடத்தைக் கவனி" என்றிருப்பார்கள். பாவம், அவர்களுக்குப் பாடத்தை முடிக்க வேண்டும்.

இன்னொரு நாள், இது எனக்கு வெட்கமான கதை. எங்கள் பையன் வேனில் கூட வருகிற ஒரு திக்குவாய்ப் பிள்ளையைப் போலப் பேசிக்காட்டி எல்லாரையும் சிரிக்க வைக்கிறான் என்று காதுக்கு வந்தது. அன்று அவனுக்கு ரெண்டு சாத்து சாத்தியிருப்பேன், கையை அடக்கிக்கொண்டு ராத்திரி யாத்திராகமம் நாலாம் அதிகாரத்தை எடுத்தேன். "நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்" என்று மோசே சொல்கிற இடம். வாசித்தவன் நிமிர்ந்து பார்த்து, "மோசேவா?" என்றான். கடல் பிளந்த மோசேவேதான். அவருடைய திக்குவாயைக் கர்த்தர் குணமாக்கினார் என்று அங்கே இல்லை. கூடப் பேச அண்ணன் ஆரோனைத்தான் சேர்த்து அனுப்பினார். நாக்கைச் சரிசெய்து கொண்டு வா, அப்புறம் வேலை தருகிறேன் என்று சொல்லவில்லை. பையன் அன்றைக்கு அழுதான். ரெண்டு நாள் கழித்து மறுபடியும் வேனில் சேட்டை செய்தான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அண்ணன் எழுந்து கேட்பார். மறுபடியும் உட்கார வைத்தோம். தினமும் உட்கார்வதுதானே வீட்டு ஜெபம், ஒருநாள் கருத்தரங்கா?

சரி, அண்ணன் கேட்டதில் குத்துகிற கேள்வி ஒன்று உண்டு. "ஜெபம் பண்ணுகிற வீட்டில்தானே இரட்சிக்கப்பட்ட பெண் தேவை என்று விளம்பரம் கொடுத்து, அதற்குப் பக்கத்திலேயே சாதியையும் போடுகிறார்கள்?" உண்மை. என் சொந்தக்காரர்களிலேயே இருக்கிறார்கள். 1833-லேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை உடனே விட்டொழிக்க வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதியை விட மனமில்லாதவர்கள் சபையை விட்டே போனார்கள். பேராயர் மேலேயிருந்து போட்ட உத்தரவு இருநூறு வருஷத்தை நெருங்கியும் கல்யாண விளம்பரம் வரைக்கும் வந்து சேரவில்லை! அதனால்தான் சொல்கிறேன், உத்தரவாகப் போனால் நிற்காது, பாயில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை வாயிலிருந்து கேள்வியாக வரவேண்டும். "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்று மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்த அதே அப்பாவிடம்தான், ஒருநாள் அந்தப் பிள்ளை அந்த விளம்பரத்தைக் காட்டி "இது என்னப்பா?" என்று கேட்கும். வசனமே தெரியாத பிள்ளை எதை வைத்துக் கேட்கும்? நம் போலித்தனத்தைப் பிடிக்கிற ஆயுதத்தை நாமே அதன் கையில் கொடுக்கிறோம், அதில் எனக்கு வருத்தமில்லை.

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். அண்ணே, ஒரே குழம்பு என்றீர்களே, வருகிற வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். எண்ணாகமம் பன்னிரண்டாம் அதிகாரம், மோசே எத்தியோப்பிய ஸ்திரீயைக் கட்டினதற்குச் சொந்த அக்காவே முறுமுறுத்த பகுதி. என் மாமியார் இப்போதே பாட்டுப் புத்தகத்தைத் தயாராக எடுத்து வைத்திருக்கிறார்.